ஃபேட் ஒண்ணு புள்ளி எட்டு

— அப்ப கொழுப்பு எந்த எடத்துல சேப்பீங்க, சிஸ்டர்?

— கொழுப்பா? அத எதுக்குண்ணா சேக்கணும்?

— இல்ல, நீங்க சொன்னதெல்லாம் புரிஞ்சுது. இந்தத் தாய்ப்பால் பேங்குக்கு அம்மாங்க பீச்சிக் குடுக்கறாங்க. நாலஞ்சு பேரு பால ஒண்ணாக் கலக்கறீங்க. அறுபத்திரண்டரை டிகிரியில அரை மணி நேரம் சூடு பண்றீங்க. கொதிக்க விடறதில்ல.

— கொதிச்சா அதுல இருக்கற எதிர்ப்புச் சக்தியெல்லாம் போயிரும்.

— சரி. அப்புறம் ஐஸ் தண்ணியில வெச்சு டக்குனு ஆற வெக்கறீங்க. கிருமி இருக்குதான்னு லேபுக்குக் கொஞ்சம் போவுது. மிச்சம் மைனஸ் இருவதுல ஃப்ரீசர்ல. கொழந்த ஐ.சி.யூ.ல கேட்டா எடுத்து எளக்கிக் குடுக்கறீங்க. இதுல கொழுப்பு ஏத்தற வேல எங்க வருதுன்னுதான் கேக்கறேன்.

— பாருங்க, அப்படியே ஒப்பிச்சுட்டீங்க! ஒரு தரம்தான் சொன்னேன். இங்க டிரெய்னிங் வர்ற புள்ளைங்களுக்கு மூணு தரம் சொன்னாலும் மண்டையில ஏறாது.

— நம்ம லைன்தானே சிஸ்டர் இது. நான் கம்பைநல்லூர்ப் பக்கம் பால் சொசைட்டியில டெஸ்டரு. பதினோரு வருசம் ஆச்சு. காலையில மட்டும் நூத்திநாப்பது பேரு வந்து ஊத்துவாங்க.

— அட! பால் டெஸ்டரா நீங்க? ஃபார்ம்ல விவசாயம்னு எழுதியிருக்குது?

— அவ எழுதுனா. டெஸ்டர்னு எழுத வேணாம்னுட்டா.

— ஏனாம்? அதுவும் நல்ல வேலதானே. நாமெல்லாம் ஒரே தொழிலுண்ணா. நீங்க மாடு, நான் மனுசி. அவ்ளோதான்.

— உங்களுது சின்ன மிசினு. எங்களுது அப்படி இல்ல. கேன்ல வந்த பால ரெண்டாயிரம் லிட்டர் கூலர்ல ஊத்தி நாலு டிகிரிக்கு எறக்கிருவோம். டேங்கர் வந்து எடுத்துட்டுப் போவும். டெய்ரியில எழுவத்திரண்டு டிகிரி, பதினஞ்சே செகண்டு. கிரீமத் தனியாப் பிரிச்சு எடுத்துருவாங்க. அப்புறம் எந்தப் பாக்கெட்டுக்கு எவ்ளோ கொழுப்போ அவ்ளோ திருப்பிச் சேப்பாங்க. நீலத்துக்கு மூணு, பச்சைக்கு நாலரை, ஆரஞ்சுக்கு ஆறு.

— பாருங்க, எடுத்ததையே திருப்பிப் போடறாங்களா? மொரப்பூர்ல எங்கூட்டுக்குப் பச்சைப் பாக்கெட்டுதான். இத்தன நாளா எதோ பச்சை மாடுன்னு நெனச்சுக் குடிச்சுட்டு இருக்கேன்.

— எந்த ஊரு மாட்டுப் பாலு எப்படி வந்தாலும் அங்க போனா ஒரே நெலைக்கு வந்துரும் சிஸ்டர். எளம்பாலு, தண்ணிப் பாலு, எல்லாத்தையும் சரி பண்ணிருவாங்க. இங்கயும் அப்படித்தான் சரி பண்ணுவாங்கன்னு நான் அவகிட்ட சொல்லிட்டேன்.

— யாருகிட்ட?

— யுவராணிகிட்ட. உள்ள உக்காந்து எடுத்துக்கிட்டு இருக்காளே, எங்கூட்டுக்காரி. 'உன் பாலு எப்படி இருந்தாலும் அங்க மிசின்ல போட்டு சரி பண்ணிருவாங்க'ன்னு சொல்லித்தான் பஸ் ஏத்துனேன். இல்லாட்டி வந்துருக்கவே மாட்டா.

— அவங்களுக்கு என்ன பயம்? ரத்த டெஸ்ட் எல்லாம் சுத்தமா வந்துருச்சே. அன்னைக்கு ரத்தம் குடுக்க வந்தப்பவும் ஒரு வார்த்த பேசல. தலையக் குனிஞ்சுக்கிட்டே இருந்தாங்க. பாப்பா போன துக்கம்னு நெனச்சேன்.

— அதுவும்தான்.

— எனக்கு அந்தப் பாப்பாவ ஞாபகம் இருக்குதுண்ணா. யுவராணி பேபி. எட்டாம் மாசம் பொறந்துச்சு, ஒண்ணு எழுநூறு. மூக்கு மட்டும் நல்லா எடுப்பா இருக்கும். அவங்களுக்குப் பாலு எறங்க லேட்டாச்சு, மொத பத்து நாளு நம்ம பேங்க் பாலுதான் குடிச்சுச்சு.

— ஆமா. அதச் சொல்லித்தான் சம்மதிச்சா. யாரோ ஒரு தாயி பாலக் குடிச்சுத்தானே நம்ம பாப்பா பத்து நாளு கெடந்துச்சு, நாமளும் குடுக்கணும்னா. போனது போயிருச்சு, பாலு நிக்க மாட்டேங்குது. பதினெட்டு நாளா டம்ளர்ல பீச்சிக் குடுப்பா, நான் கொண்டு போயி கெணத்து மேட்டுல எருக்கஞ்செடிக்கு ஊத்துவேன். யாரும் மிதிக்கற எடத்துல ஊத்தக் கூடாதில்ல. அப்பத்தான் கிராமத்து நர்சம்மா இந்த எடத்தச் சொன்னாங்க.

— நல்ல மனசுண்ணா அவங்களுக்கு. எல்லாராலயும் முடியாது. நேத்து ஒரு அம்மா பாதியில அழுதுட்டு எழுந்து போயிட்டாங்க.

— சிஸ்டர்... இந்த மிசினு ரொம்ப இழுக்குதுங்க.

— யுவராணி, பம்புல அந்தத் திருகாணிய இடப்பக்கம் கொஞ்சம் திருப்பும்மா, தங்கம். கொறையும். வலிச்சா நிறுத்திரு, நான் வரட்டா?

— வேணாங்க. இப்பப் பரவால்லீங்க. வருதுங்க.

— அவசரமே இல்ல. மெதுவா எடு. இங்க உங்கூட்டுக்காரரு எனக்குப் பாடம் எடுத்துட்டு இருக்கறாரு.

— அவரு எல்லாருக்கும் எடுப்பாருங்க.

— பாருங்க, சிரிக்கறாங்க. மொத தரம் அவங்க சிரிச்சு இன்னைக்குத்தான் கேக்கறேன்.

— நானும் ரொம்ப நாளு கழிச்சுத்தான் கேக்கறேன். சிஸ்டர், இன்னொண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. நீங்க ஃபேட் பாக்கவே மாட்டீங்களா?

— பாக்கறதில்லண்ணா. கிருமி இருக்குதான்னுதான் பாக்கறோம். தாய்ப்பால்ல கொழுப்பு பாத்து யாருக்கு ரேட்டுப் போடப் போறோம்?

— ஒருத்தரு பாலு ஒண்ணு புள்ளி எட்டு இருக்குதுன்னு வெச்சுக்கோங்க.

— எது ஒண்ணு புள்ளி எட்டு?

— ஃபேட்டு. கொழுப்பு போக மிச்சச் சத்து ஏழு புள்ளி ஒண்ணு. கலந்த தண்ணி பதினாறு பர்சன்ட்.

— என்னண்ணா, சீட்டு பாத்துப் படிக்கற மாரி சொல்றீங்க? யாரோட பாலு? யாரு டெஸ்ட் பண்ணுனா?

— நான்தான்.

— எதுல?

— எங்க சொசைட்டி மிசின்ல.

— அண்ணா...

— மெதுவாப் பேசுங்க சிஸ்டர், உள்ள கேக்கும். எங்களுக்கு வேற வழி தெரியல. இங்க இருந்தப்ப பாப்பா எடை ஏறுச்சு. நாளைக்கு இருவது கிராமு, இருவத்தஞ்சு கிராமுன்னு நீங்களே எழுதிக் குடுத்தீங்க. வூட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம். ஆறாம் நாளு சொசைட்டித் தராசுல துண்டு விரிச்சுப் படுக்க வெச்சுப் பாத்தேன். ஆறு நாளைக்கும் சேத்து நாப்பதே கிராமு. ராவும் பகலும் அழுவுது. யாரோ ஊத்துன பாலுல ஏறுன எடை, பெத்தவ பாலுல ஏறலன்னா பாலுலதானே கொற? நம்ம லைன்ல அப்படித்தான் பாப்போம்.

— வூட்டுக்குப் போன மொத வாரம் அப்படித்தான் இருக்கும்ணா. கொழந்த உறிஞ்சப் பழகணும். அதுக்குத்தானே ஒரு வாரம் கழிச்சு கூட்டிட்டு வாங்கன்னு எழுதியிருந்தோம்?

— எழுதியிருந்தீங்க. ஒரு நாளுதான் பாக்கி இருந்துச்சு. என் கையில மிசின் இருக்கறப்ப எதுக்குக் காத்திருக்கணும்னு தோணிருச்சு. அவள சாம்பிள் பாட்டில்ல கொஞ்சம் பீச்சிக் குடுக்கச் சொன்னேன். காலையில எல்லாரும் ஊத்திட்டுப் போன பெறகு, மிசின ரெண்டு தரம் சுடுதண்ணி வுட்டுக் கழுவுனேன். மாட்டுப் பாலு வாசன கூட அதுல இருக்கக் கூடாதுன்னு. மிசினு கேக்கும் சிஸ்டர், பசுவா எருமையான்னு. ரெண்டுல ஒண்ண அமுக்குனாத்தான் மேல போவும்.

— என்னத்த அமுக்குனீங்க?

— பசு.

— ஐயோ அண்ணா. அதுல மனுசிக்கு பட்டன் இல்லியே.

— இல்ல. அமுக்கறப்ப கை ஒரு மாரி கூசுச்சு. ஆனா பதினோரு வருசத்துல அந்த மிசினு ஒரு நாளும் பொய் சொன்னதில்ல. எத்தன பேரு சண்ட போட்டிருக்காங்க, 'தண்ணி ஊத்தலப்பா, சாமி சத்தியம்'னு அழுதுருக்காங்க. ஃபேட் மூணுக்குக் கீழ வந்தா கேனத் திருப்பி அனுப்பிருவேன். சொந்தப் பெரியப்பன் கேனயே திருப்பி அனுப்புன ஆளு நான். மிசினு சொன்னாச் சொன்னதுதான்.

— கன்னுக்குட்டி பொறந்த அன்னைக்கே எழுந்து ஓடும்ணா. ஒண்ணரை மாசத்துல எடை ரெண்டு மடங்காவணும் அதுக்கு. அதுக்கு ஏத்த பாலு பசும்பாலு. மனுசக் கொழந்தைக்கு அந்த எடை ஏற அஞ்சு மாசம். அதுக்கு ஏத்த பாலு இது. பசுவுக்கு வெச்ச அளவுல இதப் பாத்தா எல்லாமே தப்பாத்தான் காட்டும்.

— அப்படீன்னா ஒண்ணு எட்டுங்கறது?

— பசுவுல போட்டுப் பாத்த நம்பருக்கு அர்த்தமே இல்லண்ணா. சரி, நீங்க எந்தப் பால எடுத்துட்டுப் போனீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல.

— எந்தப் பாலுன்னா? அவ பாலுதான்.

— சிஸ்டர்! கொஞ்சம் பாருங்களேன், மொதல்ல தண்ணியா நீலமா வந்துச்சுங்க. இப்ப வெள்ளையா, கெட்டியா வருதுங்க. எதாவது கோளாறுங்களா? இல்ல மிசினு உள்ளயே சரி பண்ணுதுங்களா?

— கோளாறு ஒண்ணும் இல்லம்மா! அப்படித்தான் வரும். இன்னொரு பக்கமும் கடைசி வரைக்கும் எடு.

— சரிங்க.

— அண்ணா? என்னண்ணா, மூஞ்செல்லாம் வேர்த்துருச்சு? தண்ணி குடிங்க.

— அவ கேட்டது... அது எல்லாருக்குமா?

— எல்லா அம்மாவுக்கும் அப்படித்தான். முன்பாலு தண்ணியா இருக்கும், கொழந்த தாகத்துக்கு. குடிக்கக் குடிக்கத்தான் கொழுப்பு எறங்கும். பின்பாலுலதான் எடை ஏறும். அதான் ஒரு பக்கம் முழுசா குடிக்க வெச்சுட்டு அடுத்த பக்கம் மாத்துன்னு சொல்றது. நீங்க பாட்டில்ல எடுத்தது மொதல்ல வந்ததா?

— மொதப் பீச்சு. பாப்பா குடிக்கறதுக்கு முந்தி. 'சீக்கிரம் குடு, சொசைட்டிக்கு நேரமாச்சு'ன்னு அவசரப்படுத்துனேன்.

— பாருங்க.

— இது எனக்குத் தெரியும், சிஸ்டர்.

— எது?

— இது. நீங்க சொன்னது. எங்க ஊர்ல குள்ளம்மாள்னு ஒரு ஆயா ஊத்துது. ஒரே ஒரு கலப்பு மாடு. எந்நேரமும் ஃபேட் ரெண்டு, ரெண்டே கால்னு நின்னு கேனு திரும்பிப் போவும். ஒரு நாளு அதுங்கூட அது வூட்டுக் கொட்டாய்க்கே போனேன். பாத்தா, பாதி கறந்துட்டு கன்ன அவுத்து வுட்டுருது. பின்பாலு பூராவும் கன்னு குடிச்சுருது. நான்தான் சொல்லிக் குடுத்தேன். 'ஆயா, மொதப் பாலு தண்ணி, கடைசிப் பாலுதான் கொழுப்பு, கன்ன முன்னாடி வுட்டுட்டு அப்புறம் கடைசிச் சொட்டு வரைக்கும் கற'ன்னு. மறுநாளே நாலு வந்துச்சு. ஊரே என்னைய மெச்சுச்சு. ஒரு மாட்டு விசயத்துல தெரிஞ்சது எனக்கு எம் பொண்டாட்டி விசயத்துல தெரியல.

— அண்ணா, கொஞ்சம் பொறுங்க. நம்பரப் பாத்தீங்க, சரி. அதுக்கப்புறம் என்ன பண்ணுனீங்க?

— அந்த நம்பர நம்புனேன்.

— மாதண்ணா. பாப்பாவுக்கு அப்புறம் என்ன குடுத்தீங்க?

— எங்கூட்ல எரும இருக்குது. ஃபேட் ஏழு புள்ளி ரெண்டு.

— எரும பாலா? ரெண்டு கிலோ கூட இல்லாத புள்ளைக்கா?

— நல்லாக் காய்ச்சி, சங்குல. தண்ணி கூடக் கலக்கல. கலந்தா ஃபேட் கொறையுமேன்னு. அவ கேட்டா, 'டாக்டரம்மா தாய்ப்பால் மட்டுந்தான் குடுக்கணும்னாங்களே'ன்னு. நான் சொன்னேன், அவங்க உன் பால டெஸ்ட் பண்ணிப் பாத்தா சொன்னாங்க? நான் பாத்துட்டுச் சொல்றேன்னு. சீட்டக் கையில குடுத்தேன். ரொம்ப நேரம் அந்தச் சீட்டையே பாத்துக்கிட்டு உக்காந்துருந்தா. அன்னையிலருந்து எதுத்து ஒரு வார்த்த பேசல.

— எத்தன நாளு குடுத்தீங்க?

— அஞ்சு நாளு. நீங்க எழுதுன நாளுல கூட்டிட்டு வரல. மொத ரெண்டு நாளு அழுவாம தூங்குச்சு. பாத்தியான்னேன் அவகிட்ட. பெருமையாச் சொன்னேன், சிஸ்டர். நாலாம் நாளு வயிறு ஊதுச்சு. அஞ்சாம் நாளு பச்சை பச்சையா வாந்தி. இங்க கொண்டாந்தோம். அன்னிக்கு நீங்க இல்ல.

— நான் லீவுல இருந்தேன். டாக்டரம்மா என்ன கேட்டாங்க?

— 'என்ன குடுத்தீங்க? வேற எதாவது குடுத்தீங்களா'ன்னு கேட்டாங்க.

— நீங்க?

— தாய்ப்பால்தான்னு சொல்லிட்டேன்.

— எதுக்குண்ணா?

— பயந்துட்டேன். டிஸ்சார்ஜ் அன்னைக்கு அந்தம்மா என் மூஞ்சியப் பாத்து வெரல நீட்டிச் சொன்னாங்க, வேற ஒரு சொட்டு குடுக்கக் கூடாதுன்னு. அவங்க முன்னாடி எரும பாலுன்னு வாயில வரல. யுவராணி பக்கத்துலதான் நின்னா. அவளும் ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் போயிருச்சு.

— எரும பாலுன்னு சொல்லாம வுட்டது தப்புண்ணா. அது உங்களுக்கே தெரியும், நான் சொல்ல வேணாம்.

— சிஸ்டர், எனக்கு ஒரே ஒரு பதிலு வேணும். அதுக்குத்தான் இங்க வந்தேன்னு இப்பத்தான் எனக்கே தெரியுது. குடல் வெந்துபோச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே. அது எதனால?

— அத நான் சொல்லக் கூடாதுண்ணா. டாக்டருதான் சொல்லணும்.

— நீங்க பதிமூணு வருசம் இந்தப் புள்ளைங்களப் பாத்தவங்க.

— கொற மாசத்துப் புள்ளைங்களுக்குக் குடல் பூ மாரி இருக்கும். சில புள்ளைங்களுக்கு என்ன குடுத்தாலும் இது வந்துருது. மாட்டுப் பாலு, எரும பாலு குடுத்தா வர்றது அதிகம். உங்க பாப்பாவுக்கு எதனாலன்னு அடிச்சு நான் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு அடிச்சுச் சொல்லுவேன். அவங்க பாலுல ஒரு குத்தமும் இல்ல.

— அது போதும். அதுக்கு மேல நீங்க சொல்லவே வேணாம்.

— அழுவாதீங்கண்ணா. இந்தாங்க, தொடைங்க. அவங்க வெளிய வந்துருவாங்க.

— எங்க சொசைட்டியில தப்பா ரீடிங் வந்தா மறுபடி ஒரு சாம்பிள் எடுப்போம், சிஸ்டர். யாரு கேட்டாலும் எடுப்பேன், குள்ளம்மாளுக்கு மூணு தரம் எடுத்துருக்கேன். எம் புள்ளைக்கு ஒரு தரம் எடுத்தேன். ஒரே ஒரு தரம்.

— அவங்ககிட்ட சொல்லணும்ணா.

— என்னத்த?

— அவங்க பாலு நல்ல பாலுன்னு. அதான் தலையக் குனிஞ்சுக்கிட்டே இருக்கறாங்களா? இப்பப் புரியுது எனக்கு. தம் பாலு கெட்ட பாலுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கறாங்க.

— வேணாம், சிஸ்டர். உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன். மிசின்ல சரி பண்ணிட்டோம்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்பிருங்க. அவ அத நம்புவா. நிம்மதியாப் போயிருவா.

— நாளைக்கு உங்களுக்கு இன்னொரு புள்ள பொறக்கும். அதுக்கு என்ன குடுப்பாங்க? சொல்லுங்கண்ணா. அந்தச் சீட்டக் கையில வெச்சுக்கிட்டு, அந்தப் புள்ளைக்கும் மார எடுத்துக் குடுக்க மாட்டாங்க. சங்கத்தான் கையில எடுப்பாங்க. சாவற மட்டும் எம் மாருல கெட்ட பாலுன்னே இருப்பாங்க. நீங்க பக்கத்துல படுத்துக்கிட்டு அதப் பாத்துக்கிட்டே இருப்பீங்களா?

— நான் சொன்னா அவ என் மூஞ்சியில முழிப்பாளா, சிஸ்டர்? தம் பாலு நல்ல பாலுன்னு அவளுக்குத் தெரிஞ்ச அந்த நிமிசமே, அப்ப எது கெட்டதுன்னு கேப்பாளே. அதுக்கு நான்தானே பதிலு?

— முழிப்பாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாதுண்ணா. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன். பேங்க்ல பாலு வாங்கறவ நான். பாலக் கெட்டதுன்னு நெனச்சுக்கிட்டே குடுக்கற அம்மாகிட்ட என்னால வாங்க முடியாது. ஆனா எம் வாயால கேக்கறத வுட உங்க வாயால கேக்கறது அவங்களுக்கு நல்லது.

— அவ கதவத் தொறக்கறா.

— ஏங்க, இதப் பாருங்களேன். ரெண்டு பாட்டிலு. மிசினு உள்ளயே சரி பண்ணிருச்சுங்க. எவ்ளோ கெட்டியா இருக்குதுன்னு பாருங்க.

— பாத்தேன், யுவராணி.

— சிஸ்டர், இது போதுங்களா? இன்னும் கொழுப்பு சேப்பீங்கல்ல? அப்படியே குடுத்துராதீங்க. எந்தத் தாயி புள்ளைக்குக் குடுப்பீங்களோ, அதுக்கு எதாவது ஆயிருச்சுன்னா... இந்த ஒரு உசுரு போனதே போதுங்க. நல்லா சரி பண்ணிட்டுக் குடுங்க. மிசின்ல ரெண்டு தரம் வேணாலும் போடுங்க.

— இப்படி வந்து ஒக்காரும்மா. பாட்டில எங்கிட்டக் குடு. உங்கூட்டுக்காரரு ஒண்ணு சொல்லணும்ங்கறாரு.

— என்னங்க? ஏங்க உங்க கண்ணு இப்படி செவந்துருக்குது? அழுதீங்களா?

— யுவராணி. உன் பாலு நல்ல பாலு.

— ஆமாங்க, இப்ப மிசின்ல...

— மிசினு ஒண்ணும் பண்ணல. அது வெறுமனே உறிஞ்சுது, அவ்ளோதான். இங்க கொழுப்பெல்லாம் சேக்க மாட்டாங்க. நான்தான் தெரியாம உங்கிட்ட சொல்லிட்டேன். உன் பாலு எப்பவுமே நல்ல பாலுதான். நான் அன்னைக்கு எடுத்துட்டுப் போனது மொதப் பீச்சு. மொதப் பீச்சு யாருக்கும் தண்ணியாத்தான் வரும். அதையும் பசு பட்டன அமுக்கிப் பாத்தேன். நான் பாத்தது தப்பு.

— அன்னைக்குமா?

— என்ன?

— அன்னைக்கும் நல்ல பாலுதானாங்க? சீட்டுக் குடுத்தீங்களே, அன்னைக்கும்?

— அன்னைக்கும். பாலு எறங்குன நாள்லருந்து.

— சிஸ்டர், இவரு சொல்றது நெசங்களா? என்னையத் தேத்தறதுக்குச் சொல்றாருங்களா?

— நெசந்தான், தங்கம். இதுல பொய் ஒண்ணும் இல்ல. நாளைக்குக் காலையில உம் பால இங்க மூணு கொழந்தைங்க குடிக்கும். ஒரு சொட்டு எதுவும் சேக்காம.

— யுவராணி, ஒக்காரு. என்னையத் திட்டு. ரெண்டு அடி வேணாலும் அடி. பேசாம மட்டும் இருக்காத.

— நான் உங்ககிட்ட ஒண்ணு மறச்சுட்டேங்க.

— நீயா? நீ என்ன மறச்ச?

— நீங்க வேணாம்னு சொன்ன பெறவும் நான் எம் பாலக் குடுத்தேங்க. காலையில நீங்க சொசைட்டிக்குப் போனதும் கதவச் சாத்திக்குவேன். எரும பாலக் குடிச்சுட்டும் என் சேலைய மோந்து மோந்து பாத்துட்டு அழுவுங்க. மனசு கேக்கலீங்க. அஞ்சு நாளும் குடுத்தேன். நீங்க வர்றதுக்குள்ள வாயத் தொடச்சுப் படுக்க வெச்சுருவேன்.

— எனக்குத் தெரியாது, யுவராணி.

— தெரியாதுங்களா? டாக்டரம்மா என்ன குடுத்தீங்கன்னு கேட்டப்ப, தாய்ப்பால்தான்னு நீங்கதானே சொன்னீங்க? அப்பவே எனக்கு உசுரு நின்னுபோச்சு. இவருக்குத் தெரிஞ்சுருச்சு, நம்ம திருட்டுத்தனமெல்லாம் தெரிஞ்சுருச்சு, தெரிஞ்சும் பொண்டாட்டின்னு ஒரு வார்த்த கேக்காம இருக்கறாருன்னு நெனச்சேங்க. நீங்க சோறு போட்டுக் குடுத்தா என்னால முழுங்க முடியல. பதினெட்டு நாளா உங்க மூஞ்சிய நிமிந்து பாக்க முடியல.

— யுவராணி... வேணாம்...

— அப்ப பாப்பாவ நான் கொல்லலீங்களா?